பெருக்கிப் பார்ப்பதும் கழித்துப் பார்ப்பதும்

2025ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மச்சான், பெருநாளின் மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு செய்தி சொன்னார். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள கட்டட நிர்மாண நிறுவனமொன்று அவருக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. வருடச் சம்பளம் 42,000 பவுண்.

மூத்தம்மா வாயில் கையை வைத்தார். “நாப்பத்திரெண்டாயிரம் பவுணா? ஊர்ல இரிக்கிற நகைக்கடை எல்லாத்தையும் சேத்தாலும் அவ்வளவு வராதே!” என்றார். அது தங்கப் பவுண் அல்ல, இங்கிலாந்துக் காசு என்று விளக்கியபோது எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் செய்தது மூத்தம்மா செய்ததைவிட அதிகம் புத்திசாலித்தனமானதல்ல. வாப்பா கைத்தொலைபேசியை எடுத்துப் பெருக்கினார். ஒரு பவுண் 400 ரூபா. அப்படியானால் வருடத்துக்கு ஒரு கோடி 68 இலட்சம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 14 இலட்சம். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. டோஹாவில் மச்சானின் சம்பளம் 9,000 றியால். றியால் ஒன்று 82 ரூபாப்படி 7 இலட்சத்து 38 ஆயிரம். “ஏறக்குறைய ரெண்டு மடங்கு” என்றார் வாப்பா.

அன்றிரவே வளவை விற்கும் கதை தொடங்கிவிட்டது. எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். ராத்தாவுக்கு வீடு கட்டிக் கொடுத்த வாப்பா, எனக்கென்று 12 பேர்ச்சஸ் வளவொன்றை வாங்கி வைத்திருந்தார். குடும்பத்தோடு இங்கிலாந்து போவதற்கு முன்பணம் வேண்டும். வட்டிக்குக் கடன் எடுப்பதில்லை என்பது வாப்பாவின் உறுதி. மச்சான் ஏழு வருடம் உழைத்தது வீட்டின் மேல்மாடியிலும் அவரது தங்கைமார் இருவரின் கல்யாணத்திலும் முடிந்துபோயிருந்தது. மிஞ்சியிருந்தது அந்த வளவுதான்.

நான் உயர்தர வணிகப் பிரிவில் கற்கின்றேன். “பொருளியல் படிக்கிற புள்ள, நீயே கணக்கைப் பார்” என்று வாப்பா ஒரு கொப்பியைத் தந்தார். அந்தக் கொப்பியில் நான் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகின்றேன். நம் ஊர்களில் ஏதாவதொரு வீட்டில் ஒவ்வொரு மாதமும் இந்தப் பேச்சு நடக்கின்றது. பெற்றோருக்கும் என் சகோதரிகளுக்கும் இது உதவக்கூடும்.

பெருக்கல் எங்கே தவறுகின்றது?

வெளிநாட்டுச் சம்பளத்தை நாணயமாற்று விகிதத்தால் பெருக்கினால் கிடைப்பது, அந்தப் பணம் முழுவதையும் இங்கே கொண்டுவந்து செலவழித்தால் என்ன பெறுமதி என்பதாகும். ஆனால் அங்கே வாழ்பவர் அங்கேயே வாடகை கொடுக்கின்றார், அங்கேயே சாப்பிடுகின்றார். ஆகவே அவர் செலவழிக்கும் ஒவ்வொரு பவுணும் இலங்கை விலையில் அல்ல, இங்கிலாந்து விலையிலேயே கரைகின்றது.

எல்லாப் பொருளும் எல்லா நாட்டிலும் ஒரே விகிதத்தில் விலை கூடுவதுமில்லை. என் மருமகனுக்கு இங்கே முடிவெட்ட 400 ரூபா கொடுக்கின்றோம். லெஸ்டரில் பத்துப் பவுண், அதாவது 4,000 ரூபா என்றார் அங்கிருக்கும் உறவினர். பத்து மடங்கு! ஆனால் பால் அப்படியல்ல. இங்கே 400 கிராம் பால்மா ஏறக்குறைய ஆயிரம் ரூபா. அங்கே இரண்டேகால் லீற்றர் பசும்பால் ஒன்றரைப் பவுண் அளவில், அதாவது 600 ரூபாவுக்குக் கிடைக்கின்றது. ரூபாவில் பார்த்தாலும் அங்கே பால் மலிவு.

இதற்குக் காரணம் எளிமையானது. கோதுமை, எண்ணெய், கைத்தொலைபேசி போன்றவை கப்பலில் ஏறி நாடு விட்டு நாடு போகும். அதனால் அவற்றின் விலைகளுக்கிடையே பெரும் இடைவெளி நிலைப்பது கடினம். முடிவெட்டுபவரின் பத்து நிமிட உழைப்பைக் கப்பலில் ஏற்ற முடியாது. லெஸ்டரில் முடிவெட்டுபவர் லெஸ்டரில் வாடகை கொடுத்து வாழவேண்டும். எனவே அவரது கூலி அந்த ஊர் வாழ்க்கைக்கு ஏற்றதாகவே இருக்கும். வீட்டு வாடகை, தையல், பிள்ளை பராமரிப்பு, குழாய் திருத்தம் ஆகிய யாவும் இந்த வகையைச் சேர்ந்தவை. வருமானம் குறைந்த நாட்டில் மனித உழைப்பு மலிவு. வருமானம் கூடிய நாட்டில் அதுதான் விலை கூடிய பொருள். இங்கே முச்சக்கரவண்டியில் போய், சட்டை தைக்கக் கொடுத்து, வீட்டுக்கு உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளும் குடும்பம், அங்கே இவை அனைத்தையும் தானே செய்யப் பழகவேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பொருளியலில் ஒரு கருத்து உண்டு. கொள்வனவுச் சக்திச் சமநிலை என்பது அதன் பெயர். சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் குஸ்டாவ் காசல் 1918இல் இப்பெயரை வழங்கினார். ஒரே பொருட்கூடையை இரு நாடுகளிலும் வாங்க எவ்வளவு பணம் தேவை என்று பார்ப்பதே அதன் அடிப்படை. உலக வங்கி இவ்வாறு கணிக்கும்போது, இலங்கையின் தலைக்குரிய வருமானம் சாதாரண டொலர் கணக்கில் காட்டும் தொகையைவிட மூன்று மடங்குக்கும் மேலாக வருகின்றது. இங்கே ஒரு டொலருக்குச் சமமான ரூபா, அமெரிக்காவில் ஒரு டொலர் வாங்குவதைவிட அதிகம் வாங்குகின்றது என்பதே அதன் பொருள். ‘த எக்கொனமிஸ்ட்’ சஞ்சிகை 1986 முதல் ஒரே வகையான பேர்கரின் விலையை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு வருவதும் இதே எண்ணத்தில்தான்.

நாங்கள் வீட்டில் கோழிக் கொத்தை எடுத்துக்கொண்டோம். இங்கே 900 ரூபா. டோஹாவில் மச்சான் சாப்பிடும் கடையில் 16 றியால், அதாவது ஏறக்குறைய 1,300 ரூபா. லெஸ்டரில் ஒன்பது பவுண், அதாவது 3,600 ரூபா. சம்பளம் இரண்டு மடங்கானால் கொத்து ஏறத்தாழ மூன்று மடங்காகின்றதே என்று மருமகள் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது.

2022 சொல்லித் தந்த பாடம்

நாணயமாற்று விகிதத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதை நம் நாடு ஏற்கனவே அனுபவித்திருக்கின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு வந்தது. கட்டார் றியால் ஒரு டொலருக்கு 3.64 என நிலையாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், 55 ரூபாவாக இருந்த றியால் இரண்டே மாதங்களில் 99 ரூபா ஆனது. மச்சானின் சம்பளத்தில் ஒரு றியால்கூடக் கூடவில்லை. ஆனால் ராத்தாவின் வங்கிக் கணக்கில் விழுந்த தொகை இரட்டிப்பாகியது போலத் தெரிந்தது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். உணவுப் பணவீக்கம் மாத்திரம் 95 சதவீதத்தை நெருங்கியது. அரிசி, பால்மா, எரிவாயு எல்லாம் ஏற, ராத்தாவின் மாதச் செலவும் இரட்டிப்பானது. பண வருமானம் வேறு, மெய் வருமானம் வேறு என்று எங்கள் ஆசிரியை வகுப்பில் எழுதியபோது எனக்கு நினைவுக்கு வந்தது ராத்தாவின் செலவுக் கொப்பிதான்.

ஒரே நகரம், ஒரே சம்பளம், இரண்டு வாழ்க்கை

இங்கிலாந்துக்குப் போகுமுன் டோஹாவையே ஒழுங்காகக் கணக்குப் பார்ப்போம் என்று தொடங்கினேன்.

கட்டாரில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. எனவே 9,000 றியாலும் கைக்கு வருகின்றது. மச்சான் மூவரோடு ஓர் அறையைப் பகிர்கின்றார். அறைக்கு 1,100, சாப்பாட்டுக்கு 900, போக்குவரத்துக்கும் தொலைபேசிக்கும் 400. மொத்தம் 2,400 றியால். மிச்சம் 6,600 றியால், அதாவது 5 இலட்சத்து 41 ஆயிரம் ரூபா. இதில் ராத்தாவின் வீட்டுச் செலவு, பிள்ளைகளின் வகுப்புக் கட்டணம், மச்சானின் உம்மாவுக்கு அனுப்பும் 40,000 எல்லாம் சேர்த்து 2 இலட்சத்து 10 ஆயிரம் போகின்றது. ஆகவே மாதம் 3 இலட்சத்து 31 ஆயிரம் சேமிக்கலாம்.

இப்போது ராத்தாவும் இரண்டு பிள்ளைகளும் டோஹாவுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு ஏற்ற வீடு 4,500 றியால். வெளிநாட்டவரின் பிள்ளைகள் பெரும்பாலும் கட்டணம் செலுத்தும் தனியார் பாடசாலைகளுக்கே போகவேண்டும். இருவருக்கும் மாதம் 2,200. சாப்பாடு 1,800. ஏனையவை 900. மொத்தம் 9,400. சம்பளத்தைவிட 400 றியால் அதிகம்!

அதே நகரம், அதே சம்பளம். தனியாக இருந்தால் மாதம் மூன்று இலட்சத்துக்கு மேல் சேமிப்பு. குடும்பத்தோடு இருந்தால் பற்றாக்குறை. ‘டோஹாவில் வாழ்க்கைச் செலவு எவ்வளவு?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. யார் யார் வாழப்போகின்றார்கள் என்பதைச் சொன்னால்தான் பதில் உண்டு. உலக நகரங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் பெரும்பாலும் பெரிய கம்பனிகளின் உயர் அதிகாரிகளை மனதில் வைத்துத் தயாரிக்கப்படுபவை. அந்தக் கூடையில் என் ராத்தாவின் வீடு இல்லை.

ஒரேயொரு விதி மாறினாலும் கணக்கு மாறிவிடும். சவூதி அரேபியாவில் 2017 ஜூலையில் வெளிநாட்டு ஊழியரின் குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 றியால் கட்டணம் அறிமுகமானது. வருடாவருடம் நூறு நூறாகக் கூடி 2020இல் அது 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒருவர் மாதம் 1,600 றியால் இதற்கு மட்டுமே செலுத்த வேண்டும். சம்பளம் குறையாமலே பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்ப நேர்ந்தது இதனால்தான்.

லெஸ்டர் கணக்கு

இனி அந்த 14 இலட்சத்துக்கு வருவோம். இங்கே ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். விற்கப்போவது எனக்கென்று வாங்கிய வளவு. செலவுகளை எழுதும்போது என் கை சற்றுக் கூட்டியே எழுதுகின்றதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. எனவே ஒவ்வொரு செலவையும் அங்கே வாழும் இரண்டு குடும்பங்களிடம் தனித்தனியாகக் கேட்டு, இரண்டுக்கும் நடுவிலுள்ள தொகையை எழுதினேன். வரிகளை அந்நாட்டு அரசு அறிவித்துள்ள விகிதப்படி கணித்தேன்.

மாதச் சம்பளம் 3,500 பவுண். இங்கிலாந்தில் வருடத்துக்கு 12,570 பவுண் வரை வருமான வரி இல்லை. அதற்கு மேற்பட்டதில் இந்தச் சம்பளத்துக்கு 20 சதவீத வரி. அதே பகுதியில் 8 சதவீதம் தேசியக் காப்புறுதி. இரண்டும் சேர்ந்து வருடம் 8,240 பவுண். கைக்கு வருவது மாதம் 2,813 பவுண். ஓய்வூதியச் சேமிப்புக்கும் ஒரு பகுதி வெட்டப்படும். அதிலிருந்து விலகிக்கொள்ள உரிமை உண்டு என்பதால் நாங்கள் அதைச் சேர்க்கவில்லை.

இரண்டு அறை வீட்டு வாடகை: 1,050
உள்ளூராட்சிச் சபை வரி: 145
மின்சாரமும் எரிவாயுவும்: 150
தண்ணீர்: 40
தொலைபேசி, இணையம்: 45
சாப்பாடு: 480
பஸ்: 130
உடுப்பு, சப்பாத்து, பாடசாலைச் சில்லறைச் செலவு: 100

மொத்தம் 2,140 பவுண். மிச்சம் 673. மச்சானின் உம்மாவுக்கு அனுப்பும் 40,000 ரூபாவுக்கு 100 பவுண் போக 573.

இந்தப் பட்டியலில் மூன்று செலவுகள் எங்களுக்குப் புதியவை. முதலாவது, வாடகை வீட்டில் இருப்பவரும் செலுத்தவேண்டிய சபை வரி. இரண்டாவது, குளிர். எங்கள் ஊரில் வீட்டைச் சூடாக்க யாரும் காசு கொடுப்பதில்லை. மூன்றாவது, குளிருக்கு வேண்டிய உடுப்பும் சப்பாத்தும். வளரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் அவற்றைப் புதிதாக வாங்கவேண்டும்.

விமானம் ஏறுமுன் வரும் செலவு

மாதக் கணக்கு பார்த்தவர்கள் பலர் மறப்பது இதைத்தான். பிரித்தானியாவுக்கு வேலை விசாவில் போகும் குடும்பம் விசாக் கட்டணத்தோடு சுகாதார மேலதிகக் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்தவேண்டும். 2024 பெப்ரவரி முதல் அது வளர்ந்தவர் ஒருவருக்கு வருடம் 1,035 பவுண். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 776. மூன்று வருட விசா என்றால் மூன்று வருடத்துக்குமாக ஒரே தடவையில் கட்டவேண்டும்.

பெரியவர் இருவருக்கு 6,210. பிள்ளைகள் இருவருக்கு 4,656. நால்வரின் விசாக் கட்டணம் 2025இல் இருந்தபடி தலைக்கு 769 வீதம் 3,076. எல்லாம் சேர்த்து 13,942 பவுண். ரூபாவில் 55 இலட்சத்து 76 ஆயிரம். விமானச் சீட்டும், வீட்டுக்கு முற்பணமும் இதில் சேரவில்லை.

இந்த 13,942 பவுணை 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 387 பவுண். விசா முடியும்போது மீண்டும் கட்டவேண்டியிருக்கும் என்பதால் இதையும் மாதச் செலவாகவே கொள்ளவேண்டும். அப்படியானால் 573இல் 387 போக மிஞ்சுவது 186 பவுண். 74,400 ரூபா.

அந்த எண்ணை எழுதிவிட்டுக் கொப்பியை மச்சானிடம் கொடுத்தேன். 14 இலட்சம் என்று தொடங்கிய கணக்கு 74 ஆயிரத்தில் வந்து நின்றது. அவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு, “அப்ப டோஹாதான் நல்லம்” என்றார்.

கணக்கில் வராத வரவு

இங்கே நியாயமாக இன்னொரு பக்கத்தையும் எழுதவேண்டும். அந்தச் சுகாதாரக் கட்டணத்தைச் செலுத்திய பிறகு, அங்கே வைத்தியரைப் பார்ப்பதற்கும் அரச வைத்தியசாலையில் சிகிச்சை பெறுவதற்கும் வேறு கட்டணம் இல்லை. மருந்துக்கும் பல் வைத்தியத்துக்கும் வளர்ந்தவர்கள் ஒரு தொகை கொடுக்கவேண்டும். அரச பாடசாலையில் கல்வி இலவசம். இங்கிலாந்தில் ஆரம்ப மூன்று வகுப்புகளுக்கு மதிய உணவும் இலவசம். டோஹாவில் 2,200 றியாலாக இருந்த பாடசாலைச் செலவு அங்கே பூச்சியமாகின்றது.

ஆனால் நாம் இங்கே விட்டுச் செல்வதையும் மறக்கக்கூடாது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கட்டணமில்லாத அரச வைத்தியசாலையும், வாடகையில்லாத சொந்த வீடும் நமக்கு இருக்கின்றன. பழகிப்போனதால் இவற்றை வருமானமாக நாம் எண்ணுவதில்லை. ராத்தாவின் வீட்டை வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று கேட்டுப் பார்த்தால்தான், அந்த வீடு ஒவ்வொரு மாதமும் அவருக்குத் தரும் வருமானம் தெரியும்.

ராத்தா கேட்ட கேள்வி

இவ்வளவு நேரமும் ராத்தா பேசவில்லை. மச்சான் டோஹாதான் நல்லம் என்றதும் கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார்.

“மாசம் மூணு லெச்சம் மிச்சம் எண்டு எழுதியிரிக்காய். அந்த மூணு லெச்சத்துக்கு நாங்க என்ன குடுக்கிறம் எண்டு எழுதல்லயே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ராத்தாவே சொன்னார். மச்சான் வந்த மூன்றாம் நாள், ஐந்து வயது மகன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்க எப்ப போறீங்க?” என்று கேட்டானாம். வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் கேட்பதுபோல, மரியாதையாகத்தான் கேட்டிருக்கின்றான். மச்சான் டோஹாவுக்குப் போய் ஏழு வருடம். அவன் பிறந்தபோதும் மச்சான் இங்கே இல்லை.

அமையச் செலவு என்று நாங்கள் படிக்கின்றோம். ஒன்றைத் தெரிவு செய்வதால் கைவிடப்படும் மற்றொன்றின் பெறுமதி அது. பரீட்சையில் நெல்லையும் சோளத்தையும் வைத்து அதைக் கணித்திருக்கின்றேன். அன்றுதான் அது வீட்டுக்குள் இருப்பதைக் கண்டேன். எல்லாச் செலவையும் எழுதிவிட்டதாக நினைத்த என் கொப்பியில் மிகப் பெரிய செலவு எழுதப்படாமலே இருந்தது. அதற்கு ரூபாவில் ஒரு தொகை போட என்னால் முடியவில்லை. ஆனால் தொகை போட முடியாததைப் பூச்சியம் என்று எழுதுவதும் பிழைதானே?

ராத்தா அத்தோடு நிற்கவில்லை. “நான் அங்க சும்மா இரிக்கப் போறனா?” என்று கேட்டார். ராத்தா முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சி முடித்தவர். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் கற்பித்தவர். அந்த வகை வேலை விசாவில் போகும் ஒருவரின் துணைவி அங்கே வேலை செய்யலாம். நான் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. வீட்டில் ஒருவரின் வருமானம்தான் என்று எழுதிப் பழகிய கை!

மீண்டும் எழுதினோம். 2025 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு அங்கே ஆகக்குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 12.21 பவுணாக இருந்தது. பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் நேரத்தில் வாரம் 16 மணித்தியாலம் வேலை செய்தாலும் மாதம் 846 பவுண். வருடத்துக்கு 12,570க்குக் குறைவு என்பதால் வரியும் இல்லை. முன்னைய 186ஓடு இதைச் சேர்த்தால் 1,032 பவுண், அதாவது 4 இலட்சத்து 12 ஆயிரம் ரூபா. டோஹாவில் தனியாக இருந்து சேமிப்பதைவிட அதிகம். அதுவும் குடும்பம் ஒன்றாக இருந்துகொண்டு. கணக்கைத் திருப்பியது மச்சானின் 42,000 அல்ல. ராத்தாவின் பழைய சான்றிதழும், அதைப் பயன்படுத்த அவருக்கிருந்த துணிவுமே.

அங்கே வேலை உடனே கிடைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. அதனால் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தோம்: ராத்தாவுக்கு வேலை கிடைத்தால் ஒன்று, கிடைக்காவிட்டால் ஒன்று. கிடைக்காவிட்டாலும் 186 பவுண் மிச்சத்தோடு வாழலாம், கடன்பட வேண்டியதில்லை. இது ராத்தாவுக்குப் போதுமாக இருந்தது.

வளவு என்ன ஆனது?

முன்பணமே எஞ்சிய சிக்கல். வளவை விற்பதைப் பற்றி வாப்பா என்னிடம் கேட்டார். விற்கலாம் என்றுதான் சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ராத்தா உடனே மறுத்தார். “அவட வளவுல ஏறி நான் போகமாட்டன்” என்றார்.

அப்போது லெஸ்டரிலுள்ள உறவினர் ஒரு யோசனை சொன்னார். சில நிறுவனங்கள் விசாச் செலவை ஏற்றுக்கொள்ளும். ஆனால் கேட்டால்தான் கொடுக்கும். மச்சான் கேட்டு எழுதினார். நிறுவனம் அவருடைய பங்கை மட்டும் ஏற்றுக்கொண்டது. ராத்தாவினதும் பிள்ளைகளினதும் செலவு 10,068 பவுண் எங்களுடையது. மச்சான் முதலில் தனியாகப் போய் ஓர் அறையில் இருந்தால், தன் செலவுக்கு ஆயிரம் பவுணும் ஊருக்கு 525 பவுணும் போக, மாதம் 1,288 பவுண் மிச்சம் பிடிக்கலாம். எட்டு மாதத்தில் அந்தத் தொகை சேர்ந்துவிடும்.

இதிலும் அபாயம் உண்டு. விதிகள் மாறலாம். பராமரிப்புப் பணியாளராக அங்கே போவோர் 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது என்று சட்டம் வந்தது. அப்படியொன்று எங்களுக்கும் வரலாம் என்று மச்சான் தெளிவாகச் சொன்னார். தெரிந்துகொண்டே ராத்தா சம்மதித்தார். செப்டெம்பரில் மச்சான் போனார். ராத்தா வாரம் மூன்று நாள் ஆங்கில வகுப்புக்குப் போகின்றார். வளவு வளவாகவே இருக்கின்றது. கொப்பி இப்போது ராத்தாவிடம். ஒவ்வொரு மாத முடிவிலும் நாங்கள் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் உண்மையான செலவை அவர் எழுதுகின்றார். சாப்பாட்டை நாங்கள் கூட்டி எழுதியிருந்தோம். வாடகையைக் குறைத்து எழுதியிருந்தோம்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால்

பெருக்கிப் பார்க்குமுன் ஒரு கொப்பியை எடுத்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்.

1. சம்பளத்தில் வரியும் காப்புறுதியும் போகக் கைக்கு எவ்வளவு வரும்?
2. போகப்போவது யார்? ஒருவரா, குடும்பமா? வாடகையும் பாடசாலைச் செலவும் அதற்கேற்பவா எழுதப்பட்டுள்ளன?
3. விமானம் ஏறுமுன் கட்டவேண்டியது எவ்வளவு? அதை யார் கட்டுவது? நிறுவனத்திடம் கேட்டீர்களா?
4. இங்கே இலவசமாகப் பெறும் எதற்கு அங்கே பணம் கொடுக்கவேண்டும்? இங்கே பணம் கொடுக்கும் எது அங்கே இலவசம்?
5. ஊருக்குத் தொடர்ந்து அனுப்பவேண்டிய தொகை எவ்வளவு?
6. வீட்டிலுள்ள பெண்ணின் கல்வியும் உழைப்பும் கணக்கில் இருக்கின்றனவா?
7. ரூபாவின் பெறுமதியோ விசா விதியோ மாறினால் கணக்கு தாங்குமா?
8. பணத்தால் எழுத முடியாத செலவு எது? அதை வீட்டிலுள்ள எல்லோரும், பிள்ளைகள் உட்பட, வாய்விட்டுச் சொன்னார்களா?

எட்டாவது கேள்வியை நான் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன். ராத்தா அதை வெட்டி முதற் பக்கத்தில் எழுதச் சொன்னார். அவர் சொன்னதே சரி என்று நினைக்கின்றேன்.